வெளிப்படையான முறிவு எதுவும் இல்லை

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று அவனுடைய வலது மணிக்கட்டின் எக்ஸ்ரே. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எடுத்திருந்தான்; எலும்புகளுக்குப் பின்னால் வேப்பமரம் தெரிந்தது. இன்னொன்று ரிப்போர்ட்.

தம்பி திண்டுக்கல்லில் டூவீலர் மெக்கானிக். முந்தைய நாள் ராத்திரி ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிட்டு வரும்போது நாய் குறுக்கே வந்து, கையை ஊன்றி விழுந்திருக்கிறான். ரிப்போர்ட்டை ஸ்க்ரீன் ஷேரில் யாரோ பேசிக்கொண்டிருக்கும் இடைவெளியில் பார்த்தேன். மதியம் கூப்பிட்டான்.

"அண்ணே, கட்டைவிரலுக்குக் கீழ வலி உயிர் போகுது. பத்து நாள் கழிச்சும் வலிச்சா திரும்ப வந்து படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அதான் நார்மல்னு போட்டிருக்கே டா. பேண்டேஜச் சுத்திக்கிட்டு வேலையப் பாரு."

பத்து நாள் கழித்து வலித்தது. மறுபடி கூப்பிட்டான். ஸ்பேனரை முறுக்கவே முடியலண்ணே, ஸ்கேன் எடுக்கப் பணம் வேணும் என்றான். நான் பணம் இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது. "உடையலன்னு ரிப்போர்ட்டே சொல்லுது, அப்புறம் எதுக்கு ஸ்கேனு?" என்று கேட்டேன். அவன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். மூன்று ஒர்க்‌ஷாப் மாறியவன். வேலைக்கு மட்டம் போட அவனுக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைக்கும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோரும் நம்பிய ஒன்று. அப்பா ஃபோனிலேயே சொன்னார்: "அவனுக்குக் கையில வலி இல்லப்பா, உடம்புல வலி."

ஆறு மாதம் கழித்து மதுரையில் ஒரு கை அறுவைச் சிகிச்சை மருத்துவர், படத்தைப் பார்ப்பதற்கு முன் தம்பியின் கட்டைவிரலை விரிக்கச் சொன்னார். விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி விழும். நீங்களும் விரித்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை இந்தக் குழியில் வைத்து உறிஞ்சுவார்களாம். உடற்கூறியலில் அதற்கு இன்றும் பொடி டப்பா என்றுதான் பெயர். (எங்கள் தாத்தாவும் பொடி போடுபவர்தான். மட்டையிலிருந்து இரண்டு விரலால் கிள்ளி நேராக மூக்குக்குப் போய்விடுவார், குழிக்கெல்லாம் வேலையில்லை.) மருத்துவர் அந்தக் குழியில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினார். தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். சோதனை அவ்வளவுதான். செலவு இல்லை, கரண்ட்கூட வேண்டாம்.

அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு. கையில் இருக்கும் 27 எலும்புகளில் எட்டு, மணிக்கட்டில் கூழாங்கல் குவித்த மாதிரி நெருக்கிக் கிடக்கின்றன. அந்த எட்டில் அதிகம் உடைவது இதுதான், அதுவும் பெரும்பாலும் கையை ஊன்றி விழுகிற இளைஞர்களுக்கு. படகு வடிவம் என்பதால் அந்தப் பெயர். இதற்கு ரத்தம் வரும் வழி விசித்திரமானது. பெரும்பகுதி விரல் பக்கமிருந்து நுழைந்து, முன்கைப் பக்கத்துக்குத் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு ரத்தம் போகும் வழி அறுந்துபோகலாம். அந்தத் துண்டு மெல்லச் சாகும். சீக்கிரம் கண்டுபிடித்தால், விலகாத முறிவு சில வாரம் மாவுக்கட்டுப் போட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். விட்டுவிட்டால் கூடாது. தம்பிக்குக் கூடவில்லை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து, தலையில்லாத ஒரு ஸ்க்ரூவைப் போட்டுச் சேர்த்தார்கள்.

அப்படியானால் முதல் படம் பொய்யா? இதை நான் பல நாள் யோசித்தேன். பொய் இல்லை. எக்ஸ்ரே என்பது நிழல். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் எட்டு எலும்புகளை ஒரே தாளில் நசுக்கிக் காட்டுகிறது. மயிரிழைக் கோடு கதிர் போகும் திசைக்கு நேராக அமைந்தால்தான் தெரியும். அதனால்தான் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து இந்த எலும்புக்கென்றே தனியாகப் படம் எடுப்பார்கள். தம்பிக்கு வழக்கமான இரண்டு கோணம் மட்டும் எடுத்திருந்தார்கள். எடுத்தாலும்கூட முதல் நாளில் தெரியாமல் போவது சாதாரணம். பத்துப் பதினான்கு நாளில் முறிந்த விளிம்பில் எலும்பு கொஞ்சம் கரைந்து கோடு அகலமாகும், அப்போது தெரியும். எம்.ஆர்.ஐ. என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை அது ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். "பத்து நாள் கழிச்சு வா" என்று அந்த முதல் டாக்டர் சும்மா சொல்லவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்த ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து பழைய வாட்ஸப்பைத் தேடி அந்த ரிப்போர்ட்டை முழுதாக வாசித்தேன். "நார்மல்" என்ற வார்த்தையே அதில் இல்லை. "நோ ஆப்வியஸ் ஃபிராக்சர்" என்று இருந்தது. வெளிப்படையான முறிவு எதுவும் இல்லை. அடியில் இன்னொரு வரி: "ப்ளீஸ் கோரிலேட் கிளினிக்கலி". கிட்டத்தட்ட எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் இருக்கும், யாரும் வாசிக்காத வரி. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளைத் தொட்டுப் பாருங்கள் என்று அர்த்தம். படம் தன் எல்லையைச் சொல்லியிருந்தது. எழுதியவர் நேர்மையாக எழுதியிருந்தார். "நார்மல்" என்று எழுதிச் சேர்த்தது நான்.

என் தொழிலில் இதற்கு ஒரு ஸ்டேட்டஸ் உண்டு: "கேன்னாட் ரீப்ரொட்யூஸ்". பயனர் ஒரு பிழையைச் சொல்வார், நம் மெஷினில் ஓட்டிப் பார்ப்போம், வராது, டிக்கெட்டை மூடிவிடுவோம். என்னால் பார்க்க முடியவில்லை என்பது மூடும் நொடியில் அது இல்லை என்று ஆகிவிடுகிறது. பத்து வருஷமாக ஜூனியர்களுக்கு இதைச் செய்யாதே என்று பாடம் எடுக்கிறவன் நான்.

ஆனால் இதை வெறும் தர்க்கப் பிழை என்று சொல்லி நழுவிவிட முடியாது. ஏனென்றால் எனக்கும் ஒருமுறை மணிக்கட்டு வலித்தது. தம்பி விழுவதற்கு ஒரு வருஷம் முன்னால், டைப் அடித்து அடித்து விரல் மரத்துப்போனது. நரம்புக் கடத்தல் சோதனை எடுத்தேன், எல்லா அளவும் சரியாக இருந்தது. என்னிடமும் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் மேனேஜர் "டேக் கேர், முதல்ல கைய பாருங்க" என்றார். அலுவலகத்தில் புது நாற்காலியும், நடுவில் பிளந்த கீபோர்டும் வாங்கிக் கொடுத்தார்கள். ஊரில் அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒருத்தர்கூட ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறது: "கம்ப்யூட்டர் வேலைன்னா சும்மாவா."

ஒரே வீடு. ஒரே அப்பா. என் வலிக்கு என் சொல் போதுமானதாக இருந்தது. அவன் வலிக்குப் படம் தேவைப்பட்டது. பேசுகிறவர் யார் என்பதை வைத்து அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைப்பதும் ஒரு அநீதிதான் என்று மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை நான் வாசித்து, நண்பர்களிடம் சிலாகித்தும் இருக்கிறேன். நீதிமன்றம், போலீஸ் ஸ்டேஷன் என்றுதான் அப்போது உதாரணங்கள் தோன்றின.

கையை வைத்துப் பிழைக்கிறவன்தான் கைவலியை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக்கு 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் வருடச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. எண்ணிப் பார்க்கக்கூடிய இழப்புக்குத் தயாராக எண் இருக்கிறது. விரல் ஐந்தும் இருந்து, முறுக்கினால் உயிர் போகிற கைக்கு ஒரு டாக்டர் மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும். அதற்கு அவர் முதலில் நம்ப வேண்டும்.

இதை வாசிக்கும் ஒருவர், அப்போ வலிக்குதுன்னு யார் சொன்னாலும் நம்பிவிட வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் மணிக்கட்டுக் குருத்தெலும்பில் கிழிசல் தெரிவதுண்டு, வயது ஏற ஏற அதிகமாக. படத்தில் தெரிகிறது என்பதற்காகக் கத்தி வைத்தால் அதுவும் தப்பு. பொய் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் முன் அன்றைக்கு இருந்த கணக்கு அவ்வளவு சிக்கலானது இல்லை. நம்பி ஏமாந்திருந்தால் எனக்குச் சில ஆயிரம் ரூபாய் போயிருக்கும், தம்பிக்கு இரண்டு வாரம் மாவுக்கட்டு. சந்தேகப்பட்டு ஏமாந்ததற்கான விலை அவன் கையில் இருக்கிறது. சந்தேகப்படும் உரிமை எனக்கு, செலவு அவனுக்கு. ஒருவேளை எலும்பு உடையாமலே இருந்து என் பேச்சு சரியாகிப்போயிருந்தாலும் நான் அவனுக்குச் செய்தது இதேதான். என்ன, எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

உலகத்தின் முதல் புகழ்பெற்ற எக்ஸ்ரே படமும் ஒரு கைதான். 1895 டிசம்பர் 22 அன்று ரோன்ட்கன் தன் மனைவி பெர்த்தாவின் கையை எடுத்தார். எலும்புகளும், விரலில் கறுப்பாக மோதிரமும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்த நிமிடங்களில் அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு வலித்திருக்குமா என்று இப்போது நினைக்கிறேன். முன்னால் இப்படியெல்லாம் தோன்றாது.

எலும்பு கூடிவிட்டது. மணிக்கட்டு மட்டும் முழுசாகப் பின்னால் வளையவில்லை. இறுகிய நட்டுகளை இடது கையால் கழற்றப் பழகிவிட்டான். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஒர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டே, அன்னைக்கு நான் பணம் அனுப்பியிருக்கணும் டா என்றேன். கண்ணாடி கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தான்.

"நீ என்னண்ணே பண்ணுவ. படத்துலயே தெரியல. எழுதியும் குடுத்துட்டாங்க, நார்மல்னு."

அப்படி எழுதியிருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டி ஒன்று வந்து நின்றது, எழுந்து போய்விட்டான். ரிப்போர்ட் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது.