ஓய்வான காலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

கடந்த கார்த்திகை மாதத்தில் அலுவல் நிமித்தம் ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குச் செல்ல நேர்ந்தது. காலை 9 மணிக்குக் கூட்டம் என்றபடியால் முதல் நாள் மாலையே லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் ரெயில் ஏறி, நாலரை மணித்தியாலப் பயணத்தின் பின் இரவு ஹொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். அறைக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போதுதான் மின்னஞ்சலைப் பார்த்தேன். கூட்டம் பிற்பகல் 1.30க்கு மாற்றப்பட்டிருந்தது. விடிந்தால் எனக்கு முன்பின் தெரியாத ஒரு நகரத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது, யாரும் கேட்பார் இல்லாமல் என் கையில்.

இதில் எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் மறுநாள் காலை எட்டரை மணியளவில் மனைவி தொலைபேசியில் அழைத்து, "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டபோது, "மீற்றிங்குக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் பிரின்சஸ் வீதியில் கோப்பிக் குவளையுடன் நின்று, எதிரே மலை மேல் இருக்கும் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தவர் "சரி, சரி" என்று வைத்துவிட்டார். அவர் என்னை ஏசியிருக்க மாட்டார். ஏசக்கூடியவர் அல்லர். பின் ஏன் இந்தப் பொய்?

"சும்மா நடக்கிறன்" என்று சொல்ல நா எழவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் பாஷையில் இந்தச் "சும்மா" பெரும் சங்கடமான சொல். ஊரில் வேலைவெட்டி இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசும்போது "அவன் சும்மா திரியிறான்" என்பார்கள். அதைவிடப் பெரிய பழி ஒரு இளைஞனுக்கு இல்லை. அதே ஊரில், அதே ஆட்கள், சும்மா இருத்தலே சுகம் என்பதற்கு யோகர் சுவாமிகளைச் சாட்சிக்கு இழுப்பார்கள். சுவாமியின் படத்தைச் சாமியறையில் மாட்டிவிட்டு, பிள்ளைகளை மற்றச் "சும்மா"வுக்குப் பயந்தவர்களாகவே வளர்த்தோம். புலம்பெயர்ந்த பின் இன்னும் மோசம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, பின் வீணை, ஞாயிறு கணிதம், பின் கோவில். பத்து வயதுப் பிள்ளையின் நாட்குறிப்பு என்னுடையதை விட நெருக்கமாக இருக்கிறது.

நான் கணக்காளன். ஆகவே முதலில் இதைக் கணக்காகவே பார்த்தேன். ஹொட்டலுக்கும் ரெயிலுக்கும் காசு கொடுத்தது நிறுவனம். அப்படியானால் இந்த நேரமும் நிறுவனத்துடையதா? கோப்பை இரண்டு தரம் படித்துவிட்டேன், மூன்றாம் தரம் படித்தால் எண்கள் மாறப்போவதில்லை. கூட்டத்தைப் பிற்போட்டது நான் அல்ல. கோப்பியின் விலையைச் செலவுப் பத்திரத்தில் போடவில்லை. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் யாருக்கும் நான் ஒரு சதம் கடன் இல்லை. ஆனாலும் கூச்சம் போகவில்லை. கணக்குச் சரி வந்த பின்னும் மனம் உறுத்தினால் பிழை வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, நடப்போம் என்று நடந்தேன். எங்கள் தொழில்காரருக்கு எடின்பரோ ஒரு வகையில் தாய்வீடு. உலகிலேயே முதன்முதலாக 1854இல் அரச பட்டயம் பெற்ற கணக்காளர் சங்கம் இந்த நகரத்துச் சங்கமே. அதனாலோ என்னவோ, பார்க்கும் இடமெல்லாம் எனக்குக் கணக்காகவே தெரிந்தது. பிரின்சஸ் வீதியில் வானுயர நிற்கும் நினைவுச்சின்னம் நாவலாசிரியர் வோல்டர் ஸ்கொட்டுக்கு எழுப்பியது. 1826இல் அவர் பங்காளியாக இருந்த அச்சகம் முறிந்து, ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பவுணுக்கு மேல் கடன் அவர் தலையில் விழுந்தது. வங்குரோத்து என்று எழுதிக் கொடுத்துத் தப்பியிருக்கலாம். எழுதியே அடைப்பேன் என்று இருந்து, 1832இல் சாகும் வரை எழுதினார். மீதிக் கடன் அவர் இறந்த பிறகு புத்தக உரிமைகளிலிருந்து அடைபட்டது. சற்றுத் தள்ளி கால்ற்றன் குன்றின் உச்சியில் கிரேக்கக் கோவிலைப் போலப் பன்னிரண்டு தூண்கள் நிற்கின்றன. நெப்போலியனுடனான போர்களில் இறந்தவர்களுக்காக 1826இல் கட்டத் தொடங்கி, 1829இல் காசு முடிந்துபோய் அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் கோவில்களின் கட்டிட நிதிக் குழுவில் இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

ரெயில் நிலையத்துக்கு மேலே உள்ள பெரிய ஹொட்டலின் மணிக்கூட்டுக் கோபுரமும் என்னைச் சிந்திக்க வைத்தது. அந்த மணிக்கூடு வேண்டுமென்றே மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது. சனங்கள் ரெயிலைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. வருடப்பிறப்பு இரவில் மட்டும் சரியான நேரத்துக்குத் திருப்புவார்கள். நன்மைக்கான பொய் என்று ஊரே ஏற்றுக்கொண்ட பொய். நான் மனைவியிடம் சொன்ன பொய்யால் யாருக்கு நன்மை என்று யோசித்தபடி குன்றில் ஏறினேன்.

குன்றின் மேல் காற்று ஆளைத் தள்ளியது. கீழே முழு நகரமும், அதற்கப்பால் கடலும் தெரிந்தன. அங்கே நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. என் வாழ்நாளில் அறியாத ஊர் ஒன்றை வெறுமனே பார்ப்பதற்காக நான் நடந்ததே இல்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, எனக்குப் பதினான்கு வயது. வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நான் பார்த்த முதல் "வெளியூர்" சாவகச்சேரி. அங்கே நான் தேடியது படுக்க ஒரு விறாந்தை. பின்னர் கொழும்பு. அங்கே ஒரு தெருவுக்குள் இறங்கும்போது முதலில் கண் தேடியது சோதனைச் சாவடி எந்த முனையில் என்பதை. 2007இல் லண்டன். புது ஊர் என்றால் எம்மில் பலருக்கு முதலில் விழிப்பது கண் அல்ல, பயம். அது எங்களைக் காப்பாற்றிய பயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றி முடித்த பிறகும் அது வீட்டை விட்டுப் போகவில்லை.

ஓய்வான காலைகள் எனக்குக் கிடைக்காமல் இருந்ததும் இல்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும் வரை 2007 தொடங்கி 2011 வரை நான்கு வருடங்கள் எனக்கு எல்லாக் காலையும் ஓய்வுதான். வேலை செய்ய அனுமதி இல்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துப் பட்டம் வாங்கியவன், குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைப்பதைத் தவிர ஒரு தொழிலும் இல்லாமல், மற்றவர்கள் வேலைக்கு ஓடுவதை யன்னலால் பார்த்துக்கொண்டு இருந்தேன். நேரம் இருந்தது, ஆனால் அதில் ஒரு மணித்தியாலமாவது என்னுடையது என்று தோன்றியதில்லை. வேலை இல்லாமல் இருப்பதுதான் ஓய்வு என்றால் நான் அப்போது பெரும் செல்வந்தனாக இருந்திருக்க வேண்டும். போகவும் வரவும் இருக்கவும் ஒருவனுக்கு உரிமை இருந்து, அதற்கு மேல் மிஞ்சும் நேரமே ஓய்வு என நான் இப்போது எண்ணுகிறேன். அந்த நான்கு வருடத்தில் "சும்மா" என்ற சொல் எனக்குள் ஒரு காயமாகிவிட்டது. மனைவியிடம் பொய் சொன்னது அந்தக் காயம்தான்.

இத்துடன் விடயம் முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதியோடு குன்றால் இறங்கினேன். முடியவில்லை.

ஹொலிறூட் என்னும் இடத்தில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இருக்கிறது. அதன் முன்னால் ஏழெட்டுப் பேர் பதாகைகளுடன் நின்றார்கள். சூடான் நாட்டவர்கள். அங்கே 2023 ஏப்ரலில் தொடங்கிய போரைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தை ஒரு இளைஞர் என்னிடம் நீட்டி, இரண்டு நிமிடம் நிற்க முடியுமா என்று கேட்டார். "மன்னிக்கவும், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது" என்றேன். அப்போது நேரம் 11.40. கூட்டத்துக்கு இரண்டு மணித்தியாலம் கிடந்தது. அன்று நான் சொன்ன இரண்டாவது பொய். தாளை மட்டும் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

சில நூறு அடிகள் ஏறினால் கனன்கேற் தேவாலயம். அதன் மயானத்தில்தான் அடம் ஸ்மித் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து அவர் தொழிற்பிரிவை விளக்கியதைப் படித்திருக்கிறோம். அவர் அதற்கு முன், 1759இல், ஒழுக்க உணர்வுகளைப் பற்றி எழுதிய நூலை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. லண்டனில் வேலை இல்லாத காலத்தில் நூலகத்தில் எடுத்து வாசித்தேன். அதில் ஒரு உதாரணம் உண்டு. சீன தேசம் முழுவதும் பூகம்பத்தில் அழிந்தது என்று கேள்விப்படும் ஐரோப்பியர் ஒருவர் கவலைப்படுவார், நல்ல வார்த்தை நாலு சொல்வார், பின் தன் அலுவலைப் பார்ப்பார், இரவு நித்திரையும் கொள்வார். நாளை தன் சின்னி விரல் போகப்போகிறது என்றால் மட்டும் அவருக்கு நித்திரை வராது. ஸ்மித் அத்துடன் நிறுத்தவில்லை. சரி, அந்த விரலைக் காப்பாற்ற அத்தனை கோடிப் பேரையும் பலி கொடுப்பாரா என்று கேட்கிறார். மாட்டார். ஏனென்றால் நெஞ்சுக்குள் பக்கம் சாராத ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் விடை. உள்ளகக் கணக்காய்வாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைக்கு முன் நின்றபோது எனக்கு ஸ்மித் ஞாபகம் வரவில்லை. 2009ஆம் ஆண்டு லண்டன் பாராளுமன்றச் சதுக்கம் ஞாபகம் வந்தது. ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை எம்மவர்கள் அங்கே இருந்தார்கள். இதை வாசிக்கும் பலரும் அங்கே நின்றிருப்பீர்கள். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்க, கைப்பெட்டியுடன் கடந்து போனவர்களிடம் நான் தாளை நீட்டினேன். "மன்னிக்கவும், கூட்டம் இருக்கிறது" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அவர்களை நான் மனதாரச் சபித்திருக்கிறேன். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் வந்து, ஒன்றும் பேசாமல், பத்து நிமிடம் எங்களோடு நின்றுவிட்டுப் போனார். அவரால் ஒரு குண்டும் நிற்கவில்லை. போனவர்களின் முகம் ஒன்றும் ஞாபகமில்லை. அவருடைய நீல மழைக்கோட்டு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலகில் எங்கோ ஒரு போர் எப்போதும் நடக்கிறது. மிஞ்சும் நேரமெல்லாம் அதற்குக் கடன் என்றால் ஒருவரும் ஒரு காலமும் ஒரு கோட்டையைப் பார்க்க முடியாது, பிள்ளையோடு விளையாட முடியாது. நாங்கள் பட்டதற்காக ஆயுள் முழுக்க வட்டி கட்ட வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்கவும் முடியாது. ஆகவே நான் கோட்டையைப் பார்த்தது பிழை அல்ல. அந்த இளைஞரிடம் நிற்காமல் போனதுகூட அவ்வளவு பிழை அல்ல என்பேன். நேரம் இருந்தும் இல்லை என்றதுதான் பிழை. "எனக்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிற்க மனம் இல்லை" என்று சொல்லியிருந்தால் அவரும் நானும் நேருக்கு நேர் நின்றிருப்போம்.

திரும்பி இறங்கிப் போனேன். இளைஞர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார், கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அளவில் நின்றேன். நான் எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. குளிர் கடுமையாக இருந்தது.

பிறகு விறுவிறென்று நடந்து பிரின்சஸ் வீதியை அடையும்போது, தலைக்கு மேலே பீரங்கி வெடித்தது. கோட்டையிலிருந்து ஞாயிறு தவிர்ந்த நாட்களில் சரியாக ஒரு மணிக்கு நேரம் காட்ட வெடிக்கும் பீரங்கி அது. 1861இலிருந்து நடைபெறும் வழக்கம், அந்தக் காலத்தில் துறைமுகக் கப்பல்கள் மணிக்கூட்டைச் சரிசெய்வதற்கு. இதெல்லாம் பிறகு அறிந்தது. அந்தக் கணம் நான் கோட் சூட்டுடன் வேலியோரமாக நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்கள் தங்கள் கைக்கடிகாரங்களைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் குனிந்து, சுகமில்லையா என்று கேட்டார். "ஒன்றுமில்லை" என்று எழும்பினேன். மூன்றாவது பொய். இதை யாரும் குற்றமாக எடுக்கமாட்டீர்கள் என நம்புகிறேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. காலை எப்படிப் போனது என்று கேட்டார்கள். நகரத்தைச் சுற்றிப் பார்த்தேன் என்றேன்.

இரவு ரெயிலில் இருந்து மனைவிக்கு எடுத்து, காலையில் சொன்னது பொய் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும். பின்னால பஸ் சத்தம் கேட்டது" என்றார். பீரங்கிக் கதையையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார், அவரும் அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர்தான். பிறகு கேட்டார்:

"அந்தப் பெடியன் தந்த பேப்பரில என்ன எழுதியிருந்தது?"

அப்போதுதான் அதை இன்னும் வாசிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து, கசங்கிய மடிப்பை விரித்து, அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.