ஆழ்மனமும் அந்தர்யாமியும்



ஐரோப்பாக் கண்டத்தில் வியன்னா என்னும் நகரில் ஸிக்மண்ட் ஃபிராய்டு என்றொரு மருத்துவர் வாழ்ந்திருந்தார். 1931ஆம் ஆண்டு அவருக்கு 75 வயது நிறைந்தது. அதனையொட்டிக் கல்கத்தாவிலிருந்து அவருக்கு ஒரு பரிசு சென்றது. தந்தத்தில் கடைந்த மகாவிஷ்ணுவின் திருவுருவமே அப்பரிசு. அனுப்பியவர்கள், டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தார். சமய நம்பிக்கை மயக்கமே என்று 1927இல் ஒரு நூலே எழுதியவர் ஃபிராய்டு. அவரோ எம்பெருமானைத் தாம் எழுதும் மேஜையின்மீது எழுந்தருளப் பண்ணி வைத்துக்கொண்டார்! நாஜிகள் 1938இல் ஆஸ்திரியாவைக் கைக்கொண்டதும் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, மறு ஆண்டே அங்கு காலமானார். அவர் வாழ்ந்த வீடு 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நாஸ்திகர் ஒருவரின் பேச்சு உத்ஸவ மலரில் எதற்கு என்று பெரியோர் வினவக்கூடும். அவர் கண்ட ஒரு செய்தி, அடியேனுடைய ஐம்பது வயதுக்கு மேல் அடியேனையே எனக்குக் காட்டிக்கொடுத்தது. அந்த நன்றியால் எழுதுகிறேன்.

அவர் கூறியதன் சாரம் இது. மனம் என்று நாம் அறிந்திருப்பது மேற்பரப்பு மாத்திரமே. அதன் கீழே நாம் அறியாத மனம் ஒன்று உண்டு. நினைக்க அஞ்சுவதையும், நினைக்க நாணுவதையும் நாம் அங்கே அழுத்தி வைக்கிறோம். அழுத்தியவை அழிந்துபோவதில்லை. கனவாகவும், வாய் தவறிய சொல்லாகவும், காரணம் தெரியாத மறதியாகவும் வெளிப்படுகின்றன. 1923இல் எழுதிய நூலில் அவர் மனிதனின் உள்ளமைப்பை மூன்றாக வகுத்தார். நன்மை தீமை பாராமல் வேண்டியதை உடனே வேண்டும் வேட்கைப் பகுதி ஒன்று. தாய் தந்தையரின் கண்டிப்பு உள்ளே குடிபுகுந்து நின்று தண்டிக்கும் பகுதி ஒன்று. இவ்விரண்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே அல்லற்படும் ‘நான்’ என்பது ஒன்று. வேட்கையைக் குதிரையாகவும் ‘நான்’ என்பதை அதன்மீது இவர்ந்தவனாகவும் உவமித்தார். பல வேளைகளில் குதிரை விரும்பும் வழியிலேயே போய்விட்டு, தானே செலுத்தியதாக அவன் எண்ணிக்கொள்கிறானாம்!

இந்திரியங்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகித்த கடோபநிஷத் இங்கே நினைவுக்கு வராமற் போகாது. யோக சாஸ்திரத்தில் பதஞ்ஜலி ஸம்ஸ்காரம் என்றும் வாஸனை என்றும் சொல்லிவைத்ததும் ஏறக்குறைய இந்த மறைவான இடத்தைப் பற்றியதே. பெருங்காயம் வைத்த பாண்டத்தை எத்தனை முறை கழுவினாலும் மணம் போவதில்லை. செய்த செயல் முடிந்துவிடும். அதன் வாஸனை மனப்பாண்டத்தில் தங்கி, அடுத்த செயலுக்கு விதையாகும். ஃபிராய்டு இதற்கு இளமைப் பருவம்வரை சென்று காரணம் தேடினார். நம் முன்னோர் முற்பிறவிகள்வரை சென்றனர்.

இனி அடியேனுக்கு நேர்ந்தது. எங்கள் பெரிய தகப்பனார் குமாரருக்கும் அடியேனுக்கும் கைங்கர்ய முறை பற்றி ஒரு காலத்தில் மனஸ்தாபம் உண்டாயிற்று. பெரியோர் கூடித் தீர்த்துவைத்தார்கள். ‘மன்னித்துவிட்டேன்’ என்று பெருமாள் திருமுன்பே சொன்னேன். அவ்வாறே நம்பியும் இருந்தேன். ஆண்டுதோறும் அவர் தம் திருநக்ஷத்திரத்தன்று அர்ச்சனைக்கு வருவார். ஆயிரமாயிரம் பேருடைய கோத்திரமும் நக்ஷத்திரமும் ஒருமுறை கேட்ட அளவில் சொல்லும் இந்த நாக்கு, அவருடைய திருநாமம் வரும் இடத்தில் மட்டும் தடைப்பட்டு நிற்கும். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு அவர் மெல்லச் சிரித்து, “என் பேர் கூடவா மறந்துபோச்சு, அண்ணா?” என்று கேட்டார். அவர் கண்ணில் சிரிப்பு இல்லை.

அதன் பிறகே ஃபிராய்டின் நூல் ஒன்று கைக்கு வந்தது. 1901இல் வெளிவந்த அந்நூல், அறிந்த பெயர் மறந்துபோவது ஏன் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. மறதி எப்போதும் தற்செயல் அன்று. சில மறதிகளுக்கு உள்ளே ஒரு விருப்பம் உண்டு என்கிறார். படித்த அன்று இரவு உறக்கம் வரவில்லை. வாய் மன்னித்தது, உள்ளே இருந்தவன் மன்னிக்கவில்லை. அர்ச்சனை செய்த அடியேனே அவரைப் பெருமாளிடமிருந்து மறைக்கப் பார்த்திருக்கிறேன்! விடிந்ததும் அவர் திருமாளிகைக்குச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர் உள்ளே சென்று தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தார். மறு ஆண்டு அவர் திருநாமம் தடையின்றி வந்தது.

ஃபிராய்டு கூறிய யாவும் உண்மை என்று அடியேன் சொல்லவில்லை. அவருடைய கொள்கைகள் பலவற்றை இக்கால மனநூலாரே ஏற்பதில்லை. அவரோடு பல்லாண்டு கடிதம் எழுதிவந்த கிரீந்திரசேகர் போஸும் சிலவற்றில் வேறுபட்டவரே. நமக்கும் அவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அவர் ஆழத்தில் இறங்கி வேட்கையைக் கண்டார். நம் ஆசாரியர்களோ வாஸனைக்கும் அப்பால், ஆத்மாவுக்கும் உள்ளே நின்று நியமிக்கும் அந்தர்யாமியைக் காட்டினார்கள். பிருஹதாரண்யக உபநிஷத் விரித்துரைக்கும் அப்பொருளே ஸ்ரீ ராமாநுஜ தரிசனத்துக்கு உயிர்நிலை. நாம் அறியாத நம் மனம் அவன் அறிந்த மனமே. அவ்வளவும் அறிந்தும் அவன் நம்மை விட்டு அகலவில்லை என்பதே நமக்கு ஆறுதல்.

ஆழ்வார்களும் ஆசாரியர்களும் தம் குற்றங்களைத் தாமே எடுத்துரைத்த நைச்சியாநுஸந்தானத்தின் பொருளும் இதுவே. அறியாதவனுக்கு அறிவிப்பதற்காக அன்று, அறிந்தவன் முன் நாம் ஒளிவதை நிறுத்துவதற்காகவே அவ்வாறு விண்ணப்பம் செய்தார்கள். மனநோயால் துன்புறுவோரைப் பேய் பிடித்ததென்று அடித்துத் துன்புறுத்தாமல், தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் பகவத் கைங்கர்யமே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, இவ்வுத்ஸவத்தில் திருமுன்பு நிற்கும்போது வேண்டுவனவற்றை விண்ணப்பியுங்கள். அதற்கு முன், யாருடைய பெயரைச் சொல்ல நாக்குத் தயங்குகிறது என்று ஒரு கணம் பாருங்கள். அந்தப் பெயரையும் அர்ச்சனையில் சேர்த்துச் சொல்லுங்கள். தாளிட்டு வைத்த அறை அங்கேதான் திறக்கும். உள்ளே அவன் முன்பே எழுந்தருளியிருப்பான்.

அடியேன் தாஸன்.