பாத்திரமும் ஏற்பவரும்

ஒருவர் வகித்த இடத்தை மற்றொருவர் ஏற்கும்போது தொடர்வது எது, மாறுவது எது? இவ்வினா தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியதன்று. துரையோ தலைமையாசிரியரோ மாறிய போதெல்லாம் கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலும் இது எழுந்ததுண்டு. இதற்குத் திரையுலகம் நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது.

இயன் பிளெமிங் 1953இல் படைத்த உளவாளி ஜேம்ஸ்பாண்டுக்கு, 1962இல் ஷான் கானரி திரையில் உருவம் தந்தார். 1969இல் அவ்வேடத்தை ஏற்ற ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்துடன் விலகினார். 1971இல் கானரி மீண்டும் வந்தார். 1973 முதல் 1985 வரை ஏழு படங்களில் நடித்த ரோஜர் மூர், கானரியின் கடுமையைப் பின்பற்றவில்லை. குறும்பும் புன்னகையும் கொண்ட பாண்டைத் தந்தார். 2005இல் டேனியல் கிரெய்க் தேர்வானபோது, அவருடைய பொன்னிற முடியைக்கூடக் குறையாகச் சொன்னோர் உண்டு. 2006இல் 'கசினோ ராயல்' வெளிவந்ததும் அப்பேச்சு அடங்கிற்று. முன்னவரின் நிழலாக நில்லாமல், பாத்திரத்தின் உள்ளத்தைத் தாமே தேடியவர்கள் வென்றனர்.

தமிழ்த் திரையின் போக்கு வேறு. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய படங்களில் நடித்த ஜெய்சங்கரையே மக்கள் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்றனர். அங்கே பாத்திரம் நடிகருள் கரைந்தது. கூத்து மேடையோ அப்படியன்று. பகலில் பால்மரம் சீவியவர் இரவில் முடிசூடி நின்றால் அவரே அரிச்சந்திரன். மறு ஆண்டு வேறொருவர் அம்முடியைச் சூடினாலும், மயான காண்டத்தில் கண்ணீர் குறைவதில்லை. ஆள் பெரிதன்று, அறம் பெரிது என்பதைக் கூத்து அறிந்திருந்தது.

எனினும், ஆள் மாறுவதாலேயே நன்மை விளையும் என்று கொள்வதும் பேதைமை. 1981 செப்டம்பர் 7ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. அது வரலாற்றுப் பெருமைதான். ஆயினும் தோட்டத் தொழிலாளரின் மாதச் சம்பளக் கோரிக்கை அதற்குப் பின்னும் நீண்ட காலம் கோரிக்கையாகவே நின்றது. வெள்ளைத் துரையின் நாற்காலியில் உள்நாட்டவர் அமர்ந்ததும், துரை என்ற பெயரும் தொடர்ந்தது. பல இடங்களில் அப்பெயருக்குரிய தோரணையும் தொடர்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. அதன் கீழ் வாழும் வாழ்வை மாற்றுவதே அரிது.

ஆகவே, புதியவரை நோக்கி, "இவர் பழையவரைப் போல் இருக்கிறாரா?" என்று கேட்பது பொருளற்றது. "இவ்விடம் எதற்காக உண்டாயிற்றோ, அதனை இவர் நிறைவேற்றுகிறாரா?" என்பதே தகுந்த வினா. ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வந்தால், அவர் குரல் முன்னவர் குரலை ஒத்திருக்க வேண்டுவதில்லை. கடைசி வரிசைப் பிள்ளையும் எழுத்தறிந்து வெளியேற வேண்டும், அவ்வளவே.

பாத்திரம் என்னும் சொல் தமிழில் வேடத்தையும் குறிக்கும், கலத்தையும் குறிக்கும். கலத்தை ஏந்தும் கைகள் காலந்தோறும் மாறும். பசித்தவன் பார்ப்பது கையையன்று. கலத்தில் சோறு உண்டா என்பதையே.