பதில் வராவிட்டால் ஆள் இல்லையா?

சொந்தக் கணினியில் ஒழுங்காக ஓடிய வலைச்செயலியைத் தொலைவிலுள்ள சர்வரில் ஏற்றியதும் டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்கிறது. பொறியாளர் சட்டென்று முடிவு கட்டுகிறார்: "டேட்டாபேஸ் சர்வர் படுத்துடுச்சு." காணோம், ஆகவே இல்லை. இந்த 'ஆகவே' செல்லுமா என்று இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் வாதாடியிருக்கிறார்கள்.

தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? தென்படாமையே அறிவு தரும் ஒரு தனி வழி, அதாவது தனி அளவை என்றார்கள் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள். நியாய மரபினரான நையாயிகர்கள் ஒப்பவில்லை, இன்மையும் காட்சிக்குள் அடங்கும் என்றார்கள். மணிமேகலைக் காப்பியம் அடுக்கும் அளவைகளிலும் 'அபாவம்', அதாவது இன்மை, உண்டு. ஆனால் இந்த வழக்கின் உயிர் ஒரு நிபந்தனையில் இருக்கிறது: பொருள் அங்கே இருந்தால் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்ற நிலையில் படாமற்போனால்தான் 'இல்லை' எனலாம். இருட்டறையில் குடம் தெரியாதது எதற்கும் சான்றாகாது.

நெட்வொர்க்கில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இணைப்புக் கேட்டு 'சின்' பாக்கெட் போகிறது. அந்த போர்ட்டில் எந்த மென்பொருளும் காத்திருக்கவில்லை என்றால் எதிர்முனைக் கணினி உடனே 'ரீசெட்' அனுப்பும். திரையில் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வரும். மறுப்புதான், ஆனால் மறுப்பதற்கு அங்கே ஒருவர் இருக்கிறார்! ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமின்றி விழுங்கிவிட்டாலோ எதுவுமே வராது. லினக்ஸ் இயல்பாக இன்னும் 6 முறை முயன்று, 2 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, 'டைம்அவுட்' என்று கைவிடும். சர்வர் அணைந்து கிடந்தாலும் பெரும்பாலும் இதே மௌனம்தான். இருட்டறை இதுதான்.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தும் காணாமற்போவது உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இயல்பாகத் தன் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே, 127.0.0.1 போன்ற உள்முகவரியில், 5432 போர்ட்டில் கேட்கும். உள்ளே நுழைந்து பார்ப்பவருக்கு அது நலமாக ஓடுகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு இல்லவே இல்லை. 127.0.0.1 என்பது ஒவ்வொரு கணினிக்கும் தன்னையே குறிக்கும். நிரலில் அந்த முகவரியை விட்டுவைத்துப் புதிய சர்வருக்கு மாற்றினால், வேறொரு கணினியில் இருக்கும் டேட்டாபேஸைச் செயலி தான் ஓடும் கணினிக்குள்ளேயே தேடி ஏமாறும்.

கடவுளைப் பற்றிய வாதத்திலும் இதே நிபந்தனை வந்து நிற்கிறது. கடவுள் தென்படவில்லை, ஆகவே இல்லை என்றவர்களுக்கு நையாயிகரான உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் இதைக்கொண்டே விடை சொன்னார்: புலனுக்கு எட்டாத ஒன்று புலப்படாதது அதை மறுக்காது. வலுவான விடை. ஆனால் அதனால் கடவுள் உண்டு என்றும் ஆகிவிடாது. டைம்அவுட்டை வைத்து சர்வர் உயிரோடிருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? உதயணர் இந்த ஆட்சேபத்துக்கும் இடம் வைக்கவில்லை. உண்டு என்பதற்கான வாதங்களை அதே நூலின் ஐந்தாம் பகுதியில் தனியாக நிறுவினார்.