உங்கள் பாடு, அவர் பாடு

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத் சொல்லித் தொடங்குகிறேன்.



ஒரே தெருவில் பிறந்து, ஒரே மதரஸாவில் ஓதிய இரண்டு பிள்ளைகள். ஒருவர் துபாயில் கணக்காளர். இன்னொருவர் திருப்பாலைவனத்தில் தினக்கூலி. முதலாமவரை ‘உழைத்து முன்னேறியவர்’ என்கிறோம். இரண்டாமவரை ‘முயற்சி போதாது’ என்கிறோம். இப்படித் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

நம் பழவேற்காடு ஏரியைப் பாருங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களிடம் ‘பாடு’ என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய பாட்டில் இறால் அதிகம், தள்ளி உள்ள பாட்டில் குறைவு. அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவர் நாளை அதை அடுத்தவருக்கு விட வேண்டும். திறமை இல்லாதவருக்கு நல்ல பாட்டிலும் வலை நிறையாது. ஆனால் எத்தனை கைதேர்ந்தவரும் இல்லாத இறாலைப் பிடிக்க முடியாது. இது அந்த மீனவர்களுக்குத் தெரியும்.

வேலைச் சந்தையில் இப்படி முறை மாறுவதில்லை. தந்தை படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுக் கூலிக்குப் போன மூத்த மகன், தம்பியைப் பட்டதாரி ஆக்குகிறார். சம்பளம் தம்பிக்கு, ‘படிக்காதவன்’ என்ற பெயர் அண்ணனுக்கு. பொன்னேரிக்கு அனுப்பிப் படிக்க வைக்காத பெண், வீட்டிலிருந்து பனையோலைக் கூடை முடைகிறார். அவருக்கு அறிவு குறைவா? இல்லை, கிடைத்த பாடு அது.

பாட்டு முறையிலும் ஒரு குறை உண்டு. சீட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த நீதி. பெயர் இல்லாத இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் துழாவுகிறார்கள். நாம் கடைக்கு ஆள் எடுக்கும்போது யார் பெயரை எழுதாமலேயே விடுகிறோம்?

அல்லாஹ் வாழ்வாதாரத்தில் ஏற்றத்தாழ்வு வைத்திருப்பதை அஸ்ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 32-வது வசனம் சொல்கிறது. ஒருவர் உழைப்பு மற்றவருக்குத் தேவைப்படவே அந்த வித்தியாசம். ஒருவர் மற்றவரை இழிவாகப் பார்ப்பதற்கு அல்ல. செல்வம் தன் அறிவால் வந்தது என்று பெருமையடித்த காரூனின் முடிவு என்ன ஆனது என்பதை அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தமக்குப் பிறரைவிடச் சிறப்பு உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்கள் எண்ணியபோது, பலவீனமானவர்களின் பொருட்டால்தான் உங்களுக்கு உதவியும் ரிஸ்கும் கிடைக்கின்றன என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

அப்படியானால் முயற்சி வேண்டாமா? வேண்டும். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரை நபி (ஸல்) அவர்கள் விறகு வெட்ட அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஆனால் வெறும் ‘போய் உழை’ என்று சொல்லி அனுப்பவில்லை. அவருடைய விரிப்பையும் பாத்திரத்தையும் தாமே ஏலம் விட்டு, வந்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றை வீட்டுச் சாப்பாட்டுக்கும் மற்றொன்றைக் கோடரிக்கும் ஒதுக்கி, கோடரிக்குத் தம் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள்.

ஜமாஅத்தார்களே! அடுத்த முறை ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வந்தால், அவர் கையில் கோடரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பிடி போட்டுக் கொடுப்பது நம் கடமை. நம் ஜகாத் ஒரு தையல் இயந்திரமாக, ஒரு வலையாக, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகப் போகட்டும்.

அல்லாஹ் அதற்கு நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.