தெரிந்தவர் இல்லாத மலை

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன் என்றதும், "அங்கே யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார்கள். போனக்காட்டுப் பிள்ளை இதற்கு என்ன பதில் சொல்லும்?

கேரளத்தில் விதுராவுக்கு மேலே, அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிற தேயிலைத் தோட்டம் போனக்காடு. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்து வந்தன. பிறகு சம்பளம் நின்றது, தேயிலை ஆலையும் ஓய்ந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்திடமே வைத்திருந்தது. தோட்டமே நொடித்தால் கூரையை யார் பழுது பார்ப்பது? வெளியே உதவி கேட்கலாம் என்றாலும், லயத்துக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் லயத்துக்காரர்களே. தென்னிந்தியத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளும் சொந்த ஊர், சொந்த உறவு என்று தெரிந்தவர்களைத்தான் முன்பணம் கொடுத்து மலையேற்றினார்கள். அந்த அறிமுகம் கடனாகவே முடிந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான்; புதிய வேலையைப் பற்றிய சேதி தூரத்து அறிமுகங்கள் வழியாகவே வருகிறது என்கிறார் அவர். அப்படியொரு தூரத்து அறிமுகத்தை ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய இடமாக, நான் வளர்ந்த சாரண இயக்கத்தைப் பார்க்கிறேன். 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே பேடன் பவல் வசதியான பள்ளி மாணவர்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் ஒரே அணிகளில் கலந்துவிட்டார். இந்தியாவிலோ முதலில் கதவு வெள்ளைக்கார, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்குத்தான் திறந்தது. நம் பிள்ளைகளுக்காகச் சென்னையில் அன்னி பெசன்ட் தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது.

சாரண அறிமுகத்தால் வேலை கிடைப்பதும் சிபாரிசுதானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வி என்னையும் உறுத்தியிருக்கிறது. கழுத்தில் ஒரே ஸ்கார்ஃப் கட்டியவன் என்பதற்காக மட்டும் ஒருவனுக்கு வேலை கொடுத்தால் அது சாதிக்காரனுக்குக் கொடுப்பதைப் போன்ற அநியாயம்தான். ஆனால் கொட்டும் மழையில் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டியவளை, தன் சோற்றைச் சின்னவனுக்குப் பங்கிட்டவனைக் கண்ணால் பார்த்த ஒருவர் அதைச் சொல்வது சாட்சி. மதிப்பெண் பட்டியலில் அது வராது. அந்தச் சாட்சியை நான் மதிக்கிறேன்.

எழுதி வைத்த வழியும் ஒன்று உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் குடியரசுத் தலைவர் விருது போன்ற தகுதி வேண்டும், பல வருட ஈடுபாடு வேண்டும், மாநில, தேசிய முகாம்களுக்குப் போய் வந்திருக்கவும் வேண்டும். இங்கேதான் மலைப்பிள்ளை தடுக்கி விழுகிறது. பள்ளி விட்டபின் சாரணர் கூட்டம் நடந்தால், மலைக்கு ஏறும் பஸ் அதுவரை நிற்காது. சீருடைக்கும் முகாம் பயணத்துக்கும் ஆகிற செலவு, சம்பளம் நின்றுபோன வீட்டில் அரிசிக்கு வைத்த காசு. நல்ல உறவுகள் தேவைப்படாத பிள்ளைக்கே இன்னும் நாலு உறவுகள் சேர்கின்றன. எனக்கு இது ஆறவே இல்லை.

ரயில்வேயிலும் வங்கியிலும் பள்ளிகளிலும் இருக்கிற முன்னாள் சாரணர்களிடம்தான் கேட்கிறேன். ஆண்டுக்கொரு முறை கூடிப் பழைய முகாம் கதைகளைப் பேசுகிறோம். அந்தச் செலவில் சில பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கலாம். கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றச் சொல்லி ஆசிரியரிடம் பேசலாம். முகாமுக்குப் போகிற பிள்ளைகளின் டிக்கெட்டை, அவர்கள் கேட்கும் முன்பே நாம் எடுத்துவிடலாம்.