தாமோதரனுக்கும் வயிற்றில் தழும்புதான்

"புள்ளை பெத்த அடையாளத்தை அழிச்சா சாமி குத்தம் கண்ணு" என்கிறார் என் அண்ணன் மகளின் அம்மிச்சி. அண்ணன் மகள் கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வயிற்றிலும் இடுப்பிலும் விழுந்த பிரசவ வரிகளுக்கு ஊசியா, லேசரா, வெறும் கிரீமா என்பது அவள் கேள்வி. சத்தியமங்கலத்தில் பிரசவ வார்டிலேயே நர்சாக இருந்து ஓய்வுபெற்ற அத்தை நான் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பாள்? அம்மிச்சியின் கேள்வி வேறு: சாமி கொடுத்த உடம்பில் கை வைக்கலாமா?

முதலில் உடம்பைப் பார்ப்போம். வரி விழுவது மேல்தோலுக்கு அடியில். தோலுக்கு உறுதியும் நெகிழ்வும் தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் அங்கே இற்றுப்போகின்றன. வயிறு வேகமாகப் பெருப்பது ஒரு காரணம், கர்ப்பகால ஹார்மோன்கள் இன்னொன்று. அதனால்தான் வார்டுக்கு வந்த பெண்கள் மாதக்கணக்கில் தேய்த்த தேங்காய் எண்ணெய் அரிப்பை அடக்கியதோடு சரி. கடையில் விலை வைத்து விற்கிற கோகோ வெண்ணெயும் வரியைத் தடுப்பதில்லை என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

வரி புதிதாக, செந்நிறம் மாறாமல் இருக்கும்போது ட்ரெட்டினாயின் கிரீம் கொஞ்சம் கேட்கும். 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 0.1 சதவீதக் கிரீமை ஆறு மாதம் தடவியவர்களுக்கு வரிகளின் நீளமும் அகலமும் ஓரளவு குறைந்தன. கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. பால் கொடுக்கும்போதும் டாக்டர்கள் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள். வெளுத்துப்போன பழைய வரிக்குக் கிரீம் போதாது. நுண்ணூசியும் ஃப்ராக்‌ஷனல் லேசரும் தோலில் வேண்டுமென்றே சின்னச் சின்னக் காயம் உண்டாக்கி, ஆறும் சாக்கில் புதுக் கொலாஜனை வரவைக்கின்றன. மாத இடைவெளியில் பல தடவை போக வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கருத்துப்போய், தெளிய மாதக்கணக்கில் ஆகலாம். ஊசியில் அந்தப் பயம் குறைவு. அண்ணன் மகளுக்கு நான் ஊசியைச் சொன்னது அதனால்தான். ஆனால் எதைச் செய்தாலும் வரி மங்கும், மறையாது. "சுத்தமாப் போயிரும்" என்று எந்த கிளினிக் சொன்னாலும் எழுந்து வந்துவிடு என்றேன்.

ஆக, அம்மிச்சி பயப்படுகிற அழிப்பு எங்கும் விற்பனைக்கே இல்லை. மங்கவைப்பதாவது குற்றமா என்றால், நம் சனம் உடம்பை வந்தபடியே எப்போது விட்டது? குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துகிறோம். பிறந்த குழந்தையின் மூக்கை எண்ணெய் தொட்டு நீவி எடுப்பாக்கப் பார்க்கிறோம். அம்மிச்சியின் முன்கையிலேயே பச்சை குத்திய தேள் இருக்கிறது. பண்ணாரி அம்மன் கோயிலில் திருநீற்றுக்குப் பதிலாகப் புற்றுமண்தான் பிரசாதம். எங்கள் வீட்டில் அதை நெற்றியில் இட்டதுபோக மிச்சத்தைச் சொறிக்கும் படைக்கும் பூசினோம். பண்ணாரியில் இருப்பவள் மாரி. அம்மை வார்த்தவர் மேலில் கண்டதை முத்து என்று சொல்லிக் கும்பிட்ட இதே சனம்தான் பெரியம்மைக்கு ஊசியும் போட்டுக்கொண்டது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-ல் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். முத்து நின்றுபோனதற்காக அம்மன் கோபித்துக்கொண்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பங்குனியில் அவள் கோயிலில் குண்டம் மிதிக்க வரும் கூட்டமும் குறையவில்லை.

அம்மிச்சி பக்கம் பேச இதைவிடக் கனமான நியாயம் ஒன்று இருக்கிறது. நம் சாமிகள் தழும்பை மறைக்கிறவர்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் வெள்ளம் வந்தபோது அம்பாள் மணல் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, அவள் வளைத்தழும்பையும் முலைத்தழும்பையும் ஏற்றுக் குழைந்தார் ஏகாம்பரநாதர். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் உண்டு. யசோதை உரலோடு கட்டிப்போட்ட கயிற்றின் தழும்பு தாமோதரன் வயிற்றில் இருக்கிறது. ஆழ்வார்கள் அதைச் சொல்லிச் சொல்லி உருகியிருக்கிறார்கள். அன்பினால் வந்த தழும்பு என்றால் பிரசவ வரியைவிட வேறு எது பொருந்தும்?

எனக்கும் இது நெஞ்சைத் தொடுகிற நியாயம்தான். ஆனால் இந்தச் சாமிகள் நினைத்தால் தழும்பை ஒரு நொடியில் போக்கிக்கொள்ள முடியும். வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள் என்று அவர்களிடம் யாரும் கட்டளை போடவில்லை. வயிற்றில் ஒரு கோடுகூட விழாத ஆம்பளைகள் தாய்மையின் முத்திரை என்று மேடையில் பேசும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். தழும்பை வைத்துக்கொள்வது பக்தியாகவோ பெருமையாகவோ இருக்கலாம், அதை முடிவுசெய்ய வேண்டியவள் தழும்பு உள்ளவள்.

அம்மிச்சி சாமியைச் சொன்னாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. ஏழு பிள்ளை பெற்று, வயிற்றைப் பற்றி ஒரு நாளும் வெட்கப்படாதவர் அவர். பேத்தி வெட்கப்படுகிறாளே என்பதுதான் அவரைச் சுடுகிறது. அதில் தப்பே இல்லை. தோண்டிக் கேட்டதில் அண்ணன் மகள் சொன்னாள்: "ஆத்துல குளிக்கறப்ப நாத்தனார் பாத்துட்டு, 'என்னங்க இது, வரிக்குதிரையாட்ட'ன்னாங்க அத்தை."

ஊசி நாத்தனார் வாய்க்குப் போட முடியாது. "பால் மறக்கடிக்கற வரைக்கும் பொறு கண்ணு" என்றேன். "அப்பறமும் அவ பேச்சு உனக்கு மறந்துபோயி, வரி மட்டும் உறுத்துச்சுன்னா போய்ப் போட்டுக்க. மொதல்ல மறைவான எடத்துல துளியூண்டு போட்டுப் பாக்கச் சொல்லு."

அம்மிச்சிக்கு இதில் பாதிதான் சம்மதம். போடுவதென்றால் செவ்வாய், வெள்ளியில் வேண்டாம் என்கிறார்.